உமி யாருக்கு மிச்சம்

நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களோடு கணினித் திரை வழியாக ஒரு மணிநேரம் பேசும்படி கேட்டார்கள். பேசுவதற்கு முன் அவர்கள் இப்போது பயன்படுத்தும் மென்பொருளைக் காட்டினார்கள். ஒரு திட்டத்தின் விவரங்களை உள்ளே கொடுத்தால், அதனால் ஊருக்குக் கிடைக்கும் நன்மைகள் நிறம் நிறமான கட்டங்களாக வந்து நிற்கின்றன. வேலைவாய்ப்புக்கு ஒரு கட்டம், சுகாதாரத்துக்கு ஒரு கட்டம், பெண்களுக்கு ஒரு கட்டம். ஒருவர் கேட்டார்: "இது இல்லாத காலத்தில் நன்மை இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அது சமாளிக்க வேண்டிய கேள்வி அல்ல. அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக லண்டனுக்கு வந்தபோது என்னிடம் ஒரு பொறியியல் பட்டம் இருந்தது. அதை மதிக்க இங்கே ஆள் இருக்கவில்லை. பல வேலைகளுக்குப் பிறகு ஒரு கவுன்சிலின் குப்பைப் பிரிவில் இடம் கிடைத்தது. குப்பைமேட்டில் இருந்து கிளம்பும் வாயுவை அளப்பது என் பொறுப்பு. மழையிலும் குளிரிலும் குழாய்களோடு நின்று பழகிய அந்த வருடங்கள்தான், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம் இருந்த ஒரு சிறிய நிறுவனத்துக்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. பயிற்சிக்கு வந்தவர்களில் நான்தான் மூத்தவள்.

அங்கே செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைப்பதாக ஒப்புக்கொண்ட காலம் அது. சொந்த நாட்டில் குறைப்பது கடினம் என்றால், வளர்ந்துவரும் நாடு ஒன்றில் புகையைக் குறைக்கும் திட்டத்தில் முதலீடு செய்து, அங்கே குறைந்ததைத் தங்கள் பங்காகக் காட்டலாம். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் திட்டம் அந்த நாட்டு மக்களுக்கும் நன்மை தர வேண்டும். நிலைபேறான அபிவிருத்தி என்று அதற்குப் பெரிய பெயர். திட்டக்காரர்கள் எழுதித் தருவது உண்மைதானா என்று போய்ப் பார்த்துச் சொல்லும் வெளியாட்கள் நாங்கள். நாங்கள் கையெழுத்திடாமல் எந்தத் திட்டமும் பதிவாகாது.

எங்கள் பிரிவின் தலைவர் சந்திரன். மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிட நான்கு வயது இளையவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் அரைப் பகிடியாக, எங்கள் ஊரில் ஆசிரியரைக் கூப்பிடுவதுபோலச் "சேர்" என்று தொடங்கினேன்; பிறகு அதை விட முடியாமல் போய்விட்டது. மற்றவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் பேசுவோம். தனியாக இருந்தால் தமிழ். என் தமிழில் பாதி அவருக்கு விளங்காது. "மறுபடி சொல்லுங்க" என்பார்.

அவர் அறிக்கையை மின்னஞ்சலில் திருத்தி அனுப்பமாட்டார். அச்சடித்த தாளோடு எழுந்து நம் மேசைக்கு வருவார். ஒரு வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டிருப்பார். "வாசியுங்க" என்பார். நாம் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார். திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். பொய்யான வாக்கியம் சொந்த வாயில் கேட்கும்போதே நெளியும். அது அவருக்குத் தெரியும்.

நான் சேர்ந்த முதல் வருடம், தென்னமெரிக்க மலைநாடு ஒன்றில் சிறிய நீர்மின் திட்டம். கோப்பை நான் லண்டனில் இருந்தபடியே படித்தேன். நன்மைகள் என்ற தலைப்பில், கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்ததாக எழுதி, புகைப்படமும் இணைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு. "கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். சந்திரன் வந்தார். வாசித்தேன்.

"படத்துல கதவு மூடியிருக்கு. திறந்து பார்த்தாங்களா?" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்து அந்த ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆசிரியர் இன்னும் நியமிக்கப்படவில்லை. கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. சீமெந்து மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். என் வாக்கியத்தை வெட்டிவிட்டு, "ஒரு கட்டடம் கட்டப்பட்டுள்ளது, அதில் இன்னும் வகுப்பு நடக்கவில்லை" என்று எழுதினேன். அதற்குப் பிறகு, கண்ணால் காணாத நன்மையை நான் எழுதியதில்லை.

என் வேலைக்காலத்தின் மிகக் கடினமான கோப்பு நான்கு வருடம் கழித்து வந்தது. தமிழ்நாட்டில், காவிரிப் பக்கம் ஒரு மாவட்டத்தில், நெல் உமியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. முதலீடு செய்வது லண்டனில் உள்ள ஒரு நிதி நிறுவனம். எங்களுக்கு அதிகக் கோப்புகள் தருகிறவர்கள் அவர்கள்தான். அங்கே இதைக் கவனித்தவர் ஜெரமி என்ற ஆங்கிலேயர், எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர்.

நான் குடியிருந்த மோர்டன், ரயில் பாதையின் கடைசி நிலையம். காலையில் எப்படியும் உட்கார இடம் கிடைக்கும். அந்தக் கோப்பை ரயிலில் வைத்தே இரண்டு தடவை படித்தேன். நிலக்கரி எரிவது குறையும் என்பது சரியாக இருந்தது. நன்மைகள் பகுதியும் அழகாக இருந்தது. உமி இதுவரை யாருக்கும் பயன்படாமல் வீணாகக் கிடந்து மக்கிப்போகிறதாம். ஊர்க்கூட்டம் நடந்ததாம், எல்லோரும் வரவேற்றார்களாம். வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல் பின்னால் இருந்தது. ஏறக்குறைய எல்லாம் பெண்களின் பெயர்கள். ஆண்கள் மூன்றோ நான்கோ பேர். அது எனக்கு விசித்திரமாகப் பட்டது. குறித்துக்கொண்டேன்.

நேரில் போனபோது ஆலையின் மேலாளர் வெங்கடேசன் மரியாதையாகச் சுற்றிக் காட்டினார். கொதிகலன், புகைபோக்கி, உமி கொட்டும் இடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் அரிசி ஆலைகளைப் பார்க்க வேண்டும் என்றேன். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தயங்கினார். உமி எங்கே இருந்து வருகிறது என்று பார்க்காமல் திரும்ப முடியாது என்றேன். அவரே கூட வந்தார்.

அரிசி ஆலை வாசலில் லொறி நின்றது. உமியைக் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே, மதில் ஓரமாக, ஏழெட்டுப் பெண்கள் வெறும் சாக்குகளோடு நின்றார்கள். லொறியில் இருந்து சிந்துவதைக் கூட்டி அள்ளுவதற்காகக் காத்து நிற்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கியது. போய்ப் பேச்சுக் கொடுத்தேன். முன்னால் நின்றவரின் பெயர் பாக்கியம். ஐம்பது வயதிருக்கும்.

"உங்களுக்கு உமி என்னத்துக்கு, அம்மா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மலையாளமா?"

"இல்லை, தமிழ்தான். யாழ்ப்பாணம்."

"அதான் பேச்சு ஒரு மாதிரி இருக்கு. உமி அடுப்புக்குங்க. நாங்க நெல்லு அவிக்கிறவங்க. நெல்லு வாங்கி, அவிச்சு, காயவச்சு, அரைச்சு, அரிசியா விக்கிறோம். முன்னல்லாம் அரைச்ச உமிய நாங்களே அள்ளிக்கிட்டுப் போவோம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்ப மொத்தமும் கரண்டு கம்பெனிக்குன்னு எழுதிக் குடுத்துட்டாராம் முதலாளி. முள்ளு வெட்டி எரிக்கிறோம்."

"கூட்டம் நடந்ததாமே? நீங்கள் போகேல்லையோ?"

"என்ன கூட்டம்?"

பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. காட்டினேன். கூடி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் சொன்னார்: "அட, இது கண்ணு முகாமுக்குப் போட்ட கையெழுத்துல்ல! கண்ணாடி குடுத்தாங்களே, அன்னைக்கு."

வெங்கடேசன் பக்கத்தில்தான் நின்றார். அவர் மறைக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்துச்சு மேடம். கூட்டம்னா யாரும் வர மாட்டாங்க. அதனால கேம்போட சேத்து வச்சோம். முதல்ல நான் பதினஞ்சு நிமிஷம் பேசினேன்" என்றார்.

"அவர் என்ன பேசினவர்?" என்று பெண்களிடம் கேட்டேன்.

"மைக்குல ஏதோ சொன்னாருங்க. நாங்க வரிசையில நின்னோம்" என்றார் பாக்கியம்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பெயர், இடம், நேரம், யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதுவரை. பாக்கியத்தின் வீட்டுக்குப் போய் அடுப்பையும் பார்த்தேன். உமி அடுப்புக்கென்று கட்டியதில் முள்விறகு சரியாக எரியவில்லை. கண் எரிந்து, நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

லண்டனுக்குத் திரும்பி ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினேன். சந்திரன் அதோடு என் மேசைக்கு வந்தார். அன்றைக்கு எங்கள் இருவரையும் தவிர அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

"வாசியுங்க."

வாசித்தேன். ஏழைகளின் எரிபொருளைப் பிடுங்கி அதற்கு நன்மை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பதுபோல ஒரு வாக்கியம். வாசிக்கும்போதே குரல் உயர்ந்தது.

"கோபம் நல்லா இருக்கு" என்றார். "ஆனா இத ஒரு நிமிஷத்துல தள்ளிடுவாங்க. இந்தியா அரசாங்கம் இதுல நன்மை இருக்குன்னு கடிதம் கொடுத்திடுச்சு. அதக் கேள்வி கேக்க நமக்கு அதிகாரம் கிடையாது. விதி அப்படி."

"அப்ப அந்தப் பொம்பிளையளுக்கு ஒண்டும் செய்ய ஏலாதோ?"

"மறுபடி சொல்லுங்க."

அவருக்கு விளங்கும்படி, ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டேன். அவர் கோப்பை எடுத்து, முன்பக்கங்களில் ஒன்றைத் திறந்தார். "உமி வீணாப் போகுது, யாருக்கும் தேவை இல்லாத மிச்சம்னு எழுதியிருக்காங்க. மிச்சமா?"

"இல்லை."

"அப்ப அதக் கேளுங்க. இவங்க கணக்கே அதுமேலதான் நிக்குது. உமி போனதால ஆளுங்க மரம் வெட்டி எரிக்கிறாங்கன்னா, அந்தப் புகையையும் இவங்க கழிக்கணும். அது நம்ம அதிகாரத்துக்குள்ள வருது. அடுத்தது, ஊர்மக்கள் கருத்துக் கேட்டாங்களான்னு பாக்குறதும் நம்ம வேலை. ரெண்டு கேள்வி. ஒவ்வொண்ணும் நாலு வரி. போதும்."

அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டு எட்டு வரி எழுதினேன். ஒன்று: உமி மிச்சம் என்பதற்குச் சான்று தரவும், அரிசி ஆலை வாசலில் கண்டது அதற்கு மாறாக உள்ளது. இரண்டு: கையெழுத்திட்டவர்கள் அந்தக் கூட்டத்தை வேறொரு நிகழ்ச்சியாகக் கருதியிருக்கிறார்கள்; கருத்துக் கேட்டல் மறுபடியும் நடத்தப்பட வேண்டும். இவை தீரும்வரை அறிக்கை முடியாது. என் கோபத்தைவிட அந்த எட்டு வரி கனமாக இருந்ததை அப்போதே உணர்ந்தேன்.

ஜெரமி உடனே வந்துவிட்டார். கூட்ட அறையில் சந்திரனும் நானும் அவருக்கு எதிரே உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்க்காமல் சந்திரனைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். "உங்கள் மதிப்பீட்டாளர் அந்த மக்களின் இனத்தைச் சேர்ந்தவர். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், பதிவு எதுவும் இல்லாமல், அவர்களோடு சொந்த மொழியில் பேசியிருக்கிறார். யார் என்ன கேட்டார், யார் என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இது நடுநிலையா?"

என் குறிப்புப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. சந்திரன் என்னைத் தாங்கிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"நியாயமான கேள்வி. வேறொருவரை அனுப்புகிறேன்."

ஜெரமி போன பிறகு நான் எழும்பவில்லை. "சேர், நீங்களும் என்னை நம்பேல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் நம்புறது போதாது, கௌரி. நானும் தமிழன். நான் உங்களுக்காக நின்னா, ரெண்டு தமிழருங்க சேந்துக்கிட்டாங்கன்னு முடிச்சிடுவாரு. உங்களையும் என்னையும் தெரியாத ஒரு ஆள் இந்த ரிப்போர்ட்ட எடுத்துப் படிச்சாலும், அது நிக்கணும்."

"நான் சொன்னது பிழை எண்டு வந்தால்?"

"அப்ப திருத்துவோம்."

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் வேலையை விடப்போகிறேன் என்றேன். அவர் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, "விடுறதெண்டால் விடு. ஆனால் இப்ப அனுப்புற ஆள் போய் வரட்டும். வந்து என்ன சொல்லுறான் எண்டு கேட்டிட்டு விடு" என்றார்.

போனவர் அலன். வேல்ஸ்காரர், பேச்சுக் குறைவானவர், வெயில் என்றால் பயப்படுகிறவர். என் குறிப்புகளை அவருக்குக் காட்டக் கூடாது என்று சந்திரன் உத்தரவு போட்டிருந்தார். கோப்பு மட்டும்தான். மொழிபெயர்ப்பாளரை அலனே அங்கே தேடிக்கொள்ள வேண்டும். அவர் போயிருந்த அந்தப் பத்து நாட்களும் நான் வேறு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன். பாக்கியம் அன்றைக்கு வாசலில் நிற்காமல் போனால்? மேலாளர் முன்னால் அவர்கள் வாயைத் திறக்காவிட்டால்? நான் கேட்ட விதத்தில்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்களோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அந்த நினைப்புத்தான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

அலன் மூக்குத் தோல் உரிந்து சிவந்து திரும்பி வந்தார். நேரே சந்திரனின் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள்.

அவருடைய அறிக்கை என்னுடையதைவிட நீளம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு ஐந்து அரிசி ஆலைகளுக்குப் போயிருந்தார். ஐந்திலும் வாசலுக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். விடியற்காலையில் நெல் அவிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, எத்தனை கட்டு விறகு எரிகிறது என்று பார்த்து எழுதியிருந்தார். கையெழுத்துப் பட்டியலை ஒவ்வொரு பெயராக விசாரித்திருந்தார். எல்லோரும் கண் முகாம் என்றே சொல்லியிருந்தார்கள். கடைசியில், நான் கவனிக்கத் தவறிய ஒன்று இருந்தது. மின்னாலையின் சாம்பலைக் கொட்டிய இடம், அவர்கள் நெல் காயப்போடும் களத்துக்கு அருகில். காற்றடித்தால் சாம்பல் நெல்லில் படிகிறது.

"இது எனக்குத் தெரியாது" என்றேன்.

"நீங்கள் போன நாள் காற்று இருந்திருக்காது" என்றார் அலன்.

சந்திரன் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கேள்வி இப்போது மூன்றாகிவிட்டது. கேள்விகளுக்குக் கீழே முதலில் என் பெயரையும் அடுத்து அலனின் பெயரையும் எழுதச் சொன்னார். வேலையை விடும் பேச்சை நான் பிறகு எடுக்கவில்லை. அவர் அன்றைக்கு எனக்காகப் பரிந்து பேசியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கோப்பு தோற்றிருக்கும். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

ஜெரமி மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று கேள்விகளையும் ஏற்றுக்கொண்டதாக ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். வெங்கடேசன்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், நீங்க நேரா எங்ககிட்டயே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்போமே?"

"இப்பவும் சொல்லுறன். நோட்டீசைத் தமிழில அடிச்சு ஒவ்வொரு அரிசி ஆலை வாசலிலும் ஒட்டுங்கோ. கண் முகாமை வேறொரு நாள் வையுங்கோ."

அவர் சிரித்துவிட்டார். சொன்னபடி செய்தார். இரண்டாவது கூட்டத்தில் யாரும் எதையும் வரவேற்கவில்லை. மூன்று மணிநேரம் சண்டை நடந்தது. அதன் முடிவில், வாரத்தில் இரண்டு நாள் அரிசி ஆலைகளின் வாசலைத் திறந்து நெல் அவிக்கிறவர்களை உமி அள்ள விடுவது என்று முடிவானது. குறைகிற எரிபொருளுக்கு நிலக்கடலைத் தோலையும் பருத்திமார் சுள்ளியையும் வாங்குவதாக மின்னாலை ஒப்புக்கொண்டது. சாம்பலைக் கொட்ட வேறு இடம் பார்த்தார்கள்.

இதையெல்லாம் நன்மைகள் பகுதியில் அழகாக எழுதி அனுப்பியிருந்தார்கள். சந்திரன் அதை வெட்டினார். "இங்க எழுதினா வாக்குறுதி. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றார். ஒவ்வொரு சோதனையிலும் அளந்து காட்ட வேண்டிய விடயங்களின் பட்டியலுக்குள், கொதிகலனின் வெப்பநிலைக்கும் மின்மானிக்கும் நடுவே, வாசல் திறந்த நாட்களின் பதிவேட்டையும் சேர்க்கச் செய்தார். அதைக் காட்டாமல் இனி அவர்கள் குறைத்த புகைக்கு எதையும் கோர முடியாது. எனக்குத் தெரிந்தவரை அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. அன்றைக்குத்தான் நான் கையெழுத்திட்டேன்.

ஜெரமியின் நிறுவனம் அதற்குப் பிறகு நெடுநாள் எங்களுக்குக் கோப்பு அனுப்பவில்லை. வேறு நிறுவனங்கள் அனுப்பின.

இரண்டு வருடம் போயிருக்கும். முதல் தடவை அனுமதித்தவர்களே பிறகும் போய்ப் பார்ப்பது பெரும்பாலும் விதிக்குப் பொருந்தாது. அதனால் அந்த மின்னாலையை அடுத்துச் சோதித்தது வேறொரு நாட்டு நிறுவனம். அவர்களுடைய அறிக்கை இணையத்தில் வெளியானது. ஒரு சனிக்கிழமை வீட்டில் இருந்து அதைத் திறந்தேன். வெப்பநிலை, மின்மானி எல்லாம் வழக்கம்போல. வாசல் பதிவேடு காட்டப்பட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு பந்தி. சோதிக்க வந்தவர் அரிசி ஆலை ஒன்றின் வாசலுக்குப் போனபோது அங்கே இருந்த பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று, வெள்ளிக்கிழமைகளில் வாசல் ஒரு மணிநேரம் பிந்தித் திறக்கப்படுகிறது, அதையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எழுதியிருந்தார். மின்னாலை மேலாளர் அரிசி ஆலைக்காரரிடம் சொல்லி நேரத்தைச் சரிசெய்ததாகவும் குறிப்பு இருந்தது.

நான் சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும். கணவர் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சிரிப்பு?"

"அந்த உமி அள்ளுற அரிசி ஆலையில வெள்ளிக்கிழமையில கேற்றைப் பிந்தித்தான் திறக்கினமாம். பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்து முறைப்பாடு எழுதுவிச்சிருக்கினம்."

"அப்ப உன்ர வேலை பிழைச்சுப் போச்சே?"

"இல்லையப்பா" என்றேன். "சரிவந்திட்டுது."